கேட்பாரற்றுக் கிடக்கும் பை



கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இம்மாதம் என் கைக்கு வந்தது. பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறார். பின்பக்க ஆசனத்துக்குக் கீழே ஒரு பை கிடந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. "உம்மா, இந்தப் பை ஆருடையது?" என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். "பேசாம இரி. ஊரார் சாமானைப் பற்றி நமக்கென்ன?" என்று இவர் அடக்கிவிட்டார். வீடு வந்து சேர்ந்த பிறகு மனம் உறுத்தியதாம். "இப்போது யுத்தம் இல்லை. பிள்ளையைப் பயங்காட்டி வளர்க்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நான் செய்தது சரிதானா, ராத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புத் தங்கச்சி! நீங்கள் ஒளிக்காமல் கேட்டதால் நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளை கேட்டதுதான் சரி. அவள் கேட்ட அந்தக் கேள்வி, ஒரு காலத்தில் கொழும்பில் வாழ்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அரிவரியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம்.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. உங்கள் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். நாமோ அந்தப் பாடத்தைப் படித்தோம். படித்துவிட்டு மறந்தும் போனோம். 2019 வந்து அடித்து நினைவூட்டியது. இப்போது மீண்டும் மறந்துகொண்டிருக்கிறோம். ஆகவே இம்மாதம் நாம் இதைப் பற்றியே பேசுவோம். அந்தப் பாடத்தில் நான் ஒரு முறை தவறிப்போன கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சங்கு ஊதிய காலம்

குண்டு என்பது கொழும்புக்கு நேற்று வந்த சொல் அல்ல. என் உம்மும்மா கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டவர். துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. சொல்வழி கேளாத பையனை அவர் "எம்டன்" என்று ஏசுவார். 1914-இல் இந்து சமுத்திரத்தில் சுற்றித் திரிந்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது என்று வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. கொழும்பை அது தாக்கவில்லை. ஆனாலும் அதன் பயம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது.

உண்மையாகவே கொழும்பில் குண்டு விழுந்தது 1942-இல். ஏப்ரல் 5, கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு தினம். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்திலேயே மூழ்கின. நகரத்தை விட்டு ஆயிரக்கணக்கானோர் உள்ளூர்களுக்கு ஓடினார்கள். உம்மும்மாவின் குடும்பமும் சட்டி பானையோடு வெளியேறிய குடும்பங்களில் ஒன்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தாக்குதலுக்கு முன்பே ஆயத்தம் இருந்தது. ஒலிவர் குணதிலக்க பொறுப்பாக இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பதுங்கு குழிகள் வெட்டியது. இரவில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று கட்டளை. சங்கு ஊதினால் பதுங்க வேண்டும் என்று ஜனங்களுக்குப் பழக்கினார்கள். குண்டு வானத்திலிருந்து வரும், வரும்போது சங்கு ஊதும், நாம் ஒளிந்துகொள்வோம். அந்தத் தலைமுறை கற்ற பாதுகாப்பு இதுதான்.

நம்முடைய தலைமுறைக்கு வந்த குண்டுக்குச் சங்கு கிடையாது.

சங்கு ஊதாத குண்டு

1986 மே 3-ஆம் திகதி கட்டுநாயக்காவில் நின்ற எயார் லங்கா விமானத்துக்குள் குண்டு வெடித்தது. நாலு நாள் கழித்து, மே 7-இல், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் இன்னொன்று. 1987 ஏப்ரல் 21 மாலை, வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில், புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் காரில் வைத்த குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள்தான் அவர்கள். எல்லா இனத்தவரும் இருந்தார்கள்.

1996 ஜனவரி 31, நோன்பு மாதம். கோட்டையில் மத்திய வங்கியின் வாசலில் வெடிமருந்து நிரப்பிய லொறி மோதியது. 91 பேர் இறந்தார்கள். 1,400 பேர் வரை காயப்பட்டார்கள். அந்தக் காயங்களில் பெரும்பகுதி கண்ணாடியால் வந்தது. அன்று நூறு பேர் அளவில் கண் பார்வையை இழந்தார்கள். சத்தம் கேட்டதும் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடுவது மனித இயல்பு. அந்த இயல்பே ஆபத்து. இதை நினைவில் வையுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

அதே வருடம் ஜூலை 24 மாலை, கோட்டையிலிருந்து அளுத்கமைக்குப் போன கோச்சி. வெள்ளவத்தையைத் தாண்டி தெஹிவளையில் நின்றபோது குண்டுகள் வெடித்தன. 64 பேர் இறந்தார்கள். பிரயாணப் பெட்டிகளுக்குள் குண்டுகளை வைத்து, சாமான் போலப் பல பெட்டிகளில் ஏற்றியிருந்தார்கள். வெள்ளவத்தை வீடுகளில் அன்றிரவு யார் வந்து சேர்ந்தார், யார் வரவில்லை என்று வாசலிலேயே நின்றிருந்தோம். அந்தக் கோச்சியில் தினமும் வருகிறவர்கள் நம் தெருவில் எத்தனையோ பேர்.

அதற்குப் பிறகு கொழும்பின் பழக்கவழக்கமே மாறியது. பாடசாலை வாசலில் தாய்மாரும் தகப்பன்மாரும் முறை வைத்துக் காவல் நின்றார்கள். கணவனும் மனைவியும் ஒரே பஸ்ஸில் போகாமல் வெவ்வேறு பஸ்ஸில் போன குடும்பங்களும் உண்டு. ஒருவருக்கு ஏதாவது நடந்தால் பிள்ளைகளுக்கு மற்றவராவது மிஞ்சட்டும் என்று! யா அல்லாஹ், அந்த நாட்கள் மீண்டும் வர வேண்டாம்.

ஒரு பஸ்ஸின் கதை

மரணக் கணக்கை மட்டும் சொன்னால் மனம் சோர்ந்துபோகும். உயிர் பிழைத்த கதையும் ஒன்று இருக்கிறது.

2008 பெப்ரவரி 23. கல்கிசையில் ஒரு தனியார் பஸ். உள்ளே உரிமையாளர் இல்லாத ஒரு பொதி கிடப்பதை ஒரு பிரயாணி கண்டார். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போகவில்லை, சொன்னார். பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கினார்கள். அதன் பிறகு அந்தப் பொதி வெடித்தது. சுமார் 18 பேருக்குக் காயம். ஒருவரும் மரணிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

அந்த மாதத்தில் இலங்கையில் பஸ்ஸிலும் ரெயில் நிலையத்திலும் குண்டு வெடித்துப் பல உயிர்கள் போயிருந்தன. பெப்ரவரி 3-ஆம் திகதிதான் கோட்டை ரெயில் நிலையத்தில் பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரின் தாய்மாரும் பிள்ளைகளும் அன்றிரவு அவர்களின் முகத்தைக் கண்டார்கள். காரணம், உங்கள் மகள் கேட்ட அதே கேள்வி: இது யாருடையது?

கிடக்கும் பையைக் கண்டால்

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக இதைச் சுருக்கமாக எழுதுகிறேன். வெட்டி எடுத்துக் குசினி அலுமாரியில் ஒட்டினாலும் நல்லதே.

பஸ்ஸிலோ கோச்சியிலோ ஆஸ்பத்திரியிலோ உரிமையாளர் இல்லாத பையைக் கண்டால் முதலில் சத்தமாகக் கேளுங்கள்: "இது ஆருடைய பேக்?" நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை யாராவது "என்னுடையது" என்பார். அத்தோடு விஷயம் முடிந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒருவரும் உரிமை சொல்லாவிட்டால் தொடாதீர்கள். தூக்காதீர்கள். காலால் தள்ளாதீர்கள். திறந்து பார்க்கவே கூடாது. 2007 நவம்பர் 28-இல் நுகேகொடையில் ஒரு பெரிய துணிக்கடையில் யாரோ விட்டுச் சென்ற பொதி, சோதித்துப் பார்க்க முயன்றபோதே வெடித்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திறப்பது அதற்கென்று படித்தவர்களின் வேலை. நம் வேலை சொல்வதும் விலகுவதும்.

சாரதியிடமோ கண்டக்டரிடமோ உடனே சொல்லுங்கள். அவர் அலட்சியம் செய்தால் மற்றப் பிரயாணிகளிடம் சொல்லுங்கள். இறங்கித் தூரப் போன பிறகு 119-க்கு அழையுங்கள். பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் பேச வேண்டாம். படம் எடுக்கவும் வேண்டாம்.

விலகி நிற்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நிற்காதீர்கள். வெடியின் அதிர்ச்சி முதலில் உடைப்பது கண்ணாடியைத்தான். உடைந்த துண்டு கத்தி போலப் பறந்து வரும். கடையின் கண்ணாடி வாசலை விட ஒரு கற்சுவருக்குப் பின்னால் நிற்பது பாதுகாப்பு. வீட்டில் இருக்கும்போது பெரிய சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள்; பிள்ளைகளை உள் அறைக்கு இழுங்கள்.

ஒரு குண்டு வெடித்த இடத்துக்குக் கூட்டமாக ஓடாதீர்கள். இன்னொன்று இருக்கலாம். 2019-இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் தாக்கப்பட்ட மறுநாள், அதே கோயிலுக்குக் கிட்ட நின்ற வேனில் இருந்த குண்டு, படையினர் அதைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது வெடித்தது. வேடிக்கை பார்க்கப் போன தாய் பிள்ளைக்கு எதற்கும் உதவ மாட்டாள். காயப்பட்டவருக்கு அம்புலன்ஸ் வேண்டுமானால் 1990-ஐ அழையுங்கள்; பணம் கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக, கேள்விப்பட்டதையெல்லாம் பரப்பாதீர்கள். 2019 ஏப்ரலில் குழாய்த் தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று ஒரு பொய் கொழும்பு முழுவதும் பரவியது. குண்டு ஓரிடத்தில் வெடிக்கிறது. வதந்தியோ எல்லா வீட்டுக்குள்ளும் வெடிக்கிறது.

நான் செய்த பிழை

இனி நான் சொல்வதாகச் சொன்ன கதை.

1996 ஓகஸ்ட். தெஹிவளைக் கோச்சிக் குண்டு வெடித்துச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. கொட்டாஞ்சேனையில் என் ராத்தா வீட்டுக்குப் போய்விட்டு, ஐந்து வயது மகனோடு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு தமிழ் அம்மா ஏறினார். நெற்றியில் பொட்டு. கையில் ஒரு பெரிய பிரயாணப் பை. அதை ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சி, வெள்ளவத்தை மாக்கட் வந்தா சொல்லுறீங்களோ?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டேன்.

சற்றுத் தள்ளிச் சோதனைச் சாவடி. பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அந்த அம்மாவின் பையை நடைபாதையில் கொட்டினார்கள். பிள்ளைகளின் உடுப்பு, ஒரு பனங்கட்டிக் குட்டான், ஆஸ்பத்திரிக் கடதாசிகள். காற்றில் பறந்த கடதாசிகளை அவர் குனிந்து குனிந்து பொறுக்கினார். நிமிர்ந்தபோது என்னைக் கண்டார். நான் மறுபக்கம் திரும்பி நடந்தேன்.

இரவு என் கணவரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. மூன்று கேள்விதான் கேட்டார்.

"பேக்கைப் பார்த்தியா?"

"இல்லை."

"கண்டக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லை."

"அப்ப நீ ஆரைக் காப்பாத்தினாய்?"

சகோதரிகளே, அந்த மூன்றாவது கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையில் குண்டு இருந்திருந்தால், ஐம்பது பேரைச் சாக விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கியிருக்கிறேன். குண்டு இல்லாதபடியால், நோயோடு வந்த ஒரு பெண்ணின் மனதைப் புண்படுத்தியிருக்கிறேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் நான் செய்தது பாதுகாப்பு ஆகாது. நான் பார்த்தது பையை அல்ல, பொட்டை.

எனக்கும் காரணம் இருந்தது என்று அப்போது நினைத்தேன். 1990 ஓகஸ்ட் 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மவர்கள் விரட்டப்பட்டார்கள். அந்த வேதனை உண்மை. ஆனால் பனங்கட்டிக் குட்டானோடு வந்த அந்த அம்மாவா அதைச் செய்தார்?

முகத்தைப் பார்த்தால் குண்டு நிற்குமா?

என் பிழை ஒரு பெண்ணின் பிழை. அதையே ஒரு நாடு செய்தால் என்னவாகும் என்பதையும் கொழும்பு பார்த்தது. 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்ற இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சரி, லொட்ஜ்களைக் காலி செய்ததால் குண்டு நின்றதா? நான் மேலே சொன்ன நுகேகொடை, கோட்டை, கல்கிசை எல்லாமே அதற்குப் பிறகு நடந்தவை!

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1974 நவம்பர் 21-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். பொலிசார் ஆறு ஐரிஷ்காரரைப் பிடித்தார்கள். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 16 வருடம் சிறையில் கிடந்த பிறகு, 1991-இல், அவர்கள் நிரபராதிகள் என்று விடுதலை செய்தார்கள். குற்றமற்றவரைப் பிடித்து வைத்திருந்த அத்தனை காலமும் குற்றம் செய்தவர்கள் வெளியே சுதந்திரமாக நடமாடினார்கள். அதே நாட்டில், 1991 பெப்ரவரியில் விக்டோரியா ரெயில் நிலையக் குப்பைத் தொட்டியில் வைத்த குண்டு வெடித்தபோது, லண்டன் ரெயில் நிலையங்களிலிருந்து குப்பைத் தொட்டிகளையே எடுத்துவிட்டார்கள். எது பயன்பட்டது என்று யோசியுங்கள். தொட்டியை எடுத்ததில் யாருடைய மானமும் போகவில்லை.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 மணியளவில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. கத்தோலிக்கர் மட்டுமன்றி எல்லா மதத்தவரும் போய்வரும் இடம் அது. ராத்தாவின் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள். கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். 260-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள். இதை நாம் மறைக்கவும் கூடாது, மழுப்பவும் கூடாது. ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவனைப் போன்றவன் என்பது நம் வேதத்தின் போதனை. தாக்கியவர்களின் உடல்களை நம் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

அந்தக் குண்டுதாரிகள் பாதுகாவலர் நின்ற ஹோட்டல்களுக்குள் போனார்கள். ஒருவர் முதுகில் பெரிய பையோடு தேவாலயத்துக்குள் நடந்து போனது கமெராவில் பதிவாகியிருந்தது. நன்றாக உடுத்தவர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள். முகத்தைப் பார்த்து எவர் சந்தேகப்பட்டிருப்பார்?

முன்னறிவிப்பு இல்லாமலும் இல்லை. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4-ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. அந்தக் கூட்டத்தின் தலைவனைப் பற்றி முஸ்லிம்களே அதற்கு முன் முறையிட்டிருந்தார்கள். மாவனல்லையில் பொலிசாருக்கு உதவிய ஒரு முஸ்லிம் சகோதரர் 2019 மார்ச்சில் தன் வீட்டில் தூங்கும்போது தலையில் சுடப்பட்டார். சொன்னவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 2023 ஜனவரி 12-இல் உயர் நீதிமன்றம், அன்று ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று தீர்ப்பளித்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

ஆனால் தண்டனையை முதலில் அனுபவித்தவர்கள் நாம்தான். மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் நம்மவர்களின் கடைகள் எரிந்தன. ஹசலகவில் ஒரு பெண் கப்பலின் சுக்கான் சக்கரம் போட்ட உடுப்பு அணிந்ததற்காக, அது தர்மசக்கரம் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டார்.

அந்த வருட நோன்பில் ஒரு நாள் ராத்தாவுக்குக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அபாயா உடுத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் பம்பலப்பிட்டியில் இறங்கிய என்னையே நான் பார்த்தேன். கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதே கிழமை ஒரு கடைக்குப் போனேன். வாசலில் நின்ற காவலாளி எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார். எனக்கு முன்னால் ஒரு கன்னியாஸ்திரி. பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான். மூவரும் ஒரே மாதிரித் திறந்து காட்டினோம். சகோதரிகளே, அன்று எனக்குக் கிடைத்த ஆறுதலைச் சொல்லி முடியாது! எல்லோருக்கும் ஒரே சோதனை என்றால் அதில் அவமானம் இல்லை. ஒருவரையும் தவறவிடாததால் பாதுகாப்பும் அதில்தான் அதிகம்.

நம் மார்க்கம் காட்டும் வழி

பாதுகாப்பு என்பது நமக்குப் புதிய பாடமா? அம்புகளோடு பள்ளிவாசலிலோ சந்தையிலோ நடப்பவர், யாருக்கும் காயம் படாதபடி அம்பு முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். தூங்கப் போகுமுன் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். எலி திரியை இழுத்து வீட்டையே எரித்துவிடலாம் என்று காரணமும் சொன்னார்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக்கினார்கள். கவனியுங்கள்: அம்பு, விளக்கு, பாதையில் கிடப்பது. எல்லாம் பொருள்கள்.

மனிதர்களைப் பற்றி வரும்போதோ, சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ், அதிகமாகச் சந்தேகிப்பதைத் தவிர்க்கும்படி கட்டளையிடுகிறான். சில சந்தேகங்கள் பாவம் என்றும் எச்சரிக்கிறான். எதில் உஷாராக இருக்க வேண்டும், எதில் நல்லெண்ணம் வைக்க வேண்டும் என்பது எவ்வளவு தெளிவாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கிறது! நாம்தான் இரண்டையும் தலைகீழாக மாற்றிக்கொள்கிறோம். பையை மறந்துவிடுகிறோம், பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகிக்கிறோம்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. இன்றே மகளைக் கூப்பிட்டு, "அன்றைக்கு நீ கேட்டதுதான் சரி, உம்மாதான் பிழை" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையிடம் பிழையை ஒத்துக்கொள்வதால் தாயின் மதிப்புக் குறையாது. அடுத்த முறை அப்படி ஒரு பையைக் கண்டால் இருவருமாகச் சேர்ந்து சத்தமாகக் கேளுங்கள். அதோடு இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள்: பக்கத்தில் பொட்டு வைத்தவர் உட்கார்ந்தாலும், சிலுவை போட்டவர் உட்கார்ந்தாலும், வெள்ளைச் சாரி உடுத்துப் பன்சலைக்குப் போகிறவர் உட்கார்ந்தாலும், இடம் விட்டு ஒதுங்காமல் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். இறங்கும் இடம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தப் பதிலைச் சொல்ல இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. உங்கள் மகளுக்குக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளையும், நம் அண்டை அயலார் அனைவரின் பிள்ளைகளையும், நம் நாட்டையும் அல்லாஹ் எல்லா முஸீபத்திலிருந்தும் காப்பானாக. ஆமீன். அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.